ஒருவேளை அக்கா

ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டாள். கழற்றினால் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். அதனால் ஹெல்மெட்டோடு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து, மூன்று நிறத் துண்டுப் பிரசுரங்களையும் கையில் எடுத்த பிறகுதான் முகத்தைக் காட்டுவாள். அதற்குள் ஓடத் தெரிந்தவர்கள் ஓடியிருப்பார்கள். பாதி டீயோடு மாட்டிக்கொண்டவர்கள்தான் பாவம்.

"ஒருவேளைண்ணே..." என்று ஆரம்பிப்பாள்.

"போச்சுடா! ஆரம்பிச்சாச்சு" என்று ஒருவர் தலையில் கை வைப்பார். அவள் கண்டுகொள்ளமாட்டாள். "ஒருவேளை இந்த மாசம் பூரா மழையே இல்லைன்னு வைங்க. ஒருவேளை அறுக்கப்போற நேரத்துல காத்தடிச்சு மொத்தப் பயிரும் சாஞ்சிடுச்சுன்னு வைங்க. ஒருவேளை புழு விழுந்துடுச்சுன்னு வைங்க..."

"வைக்க மாட்டேம்மா. நீயே வச்சுக்கோ" என்று அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போவார். நாக்கு வெந்திருக்கும். ஆனாலும் தப்பித்த சந்தோஷம் முகத்தில் தெரியும்.

அவள் வேலை பயிர்க் காப்பீடு. ஆள் பிடித்துச் சேர்த்துவிடுகிற முகவர். சுற்று வட்டாரத்தில் அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகம் இருப்பவர் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவள் 'ஒருவேளை அக்கா'. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை இல்லை, பெயரின் பின்பாதி.

அக்காவிடம் மூன்று திட்டங்கள் உண்டு. மஞ்சள் தாள், நீலத் தாள், பச்சைத் தாள். தாளில் இருப்பது வக்கீல்களுக்கே புரியாது. அவள் டீ கிளாஸை வைத்துச் சொல்வாள்.

"மஞ்சள், ஊர்ச் சராசரி. ஊர்ல எல்லாரும் டீ குடிச்சாங்க, உங்க கிளாஸ் மட்டும் கவுந்துடுச்சு. சராசரி பார்த்தா ஊரே நல்லா டீ குடிச்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஊர்ல எல்லார் கிளாஸும் கவுந்தாதான் வரும். நீலம், மழைக் கணக்கு. மழைமானி எங்க நிக்குதோ அங்க பெய்யறதுதான் மழை. உங்க வயல்ல பெஞ்சது மழையில சேராது."

"அடப்பாவமே! அப்ப என் வயல்ல பெஞ்சது என்னது?"

"அது உங்க சொந்த விஷயம்ணே."

பெஞ்சு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். பிறகு பச்சைத் தாளை எடுக்கும்போது குரல் தணிந்துவிடும். "இது தனி வயல். உங்க கிளாஸ் கவுந்தா உங்களுக்கே வரும். விலை கூட. ஆனா ஒண்ணு. கவுந்த மூணு நாளுக்குள்ள சொல்லிடணும். பதிஞ்ச போன்லேர்ந்து, வயல்ல நின்னு போட்டோ எடுத்துச் சொல்லணும். மூணு நாள். ஞாபகம் வச்சுக்கங்க, மூணே மூணு நாள்." இதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு ஏனென்று தெரியாது. வயதாகிக்கொண்டு போகிறது, சொன்னதையே சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எது கிடைக்காது என்பதைத்தான் அவள் முதலில் சொல்லுவாள். கம்பெனி மேலாளருக்கு இது பிடிக்காது. "முதல்ல நல்லதைச் சொல்லுங்கம்மா. யாராவது கடையைத் திறந்ததும் கெட்டுப்போன பழத்தைக் காட்டுவாங்களா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். அவள் தலையாட்டுவாள். அடுத்த ஊரில் மறுபடி, "ஒருவேளைண்ணே..." தான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. யாருக்கும் உங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு காரணமும் இருக்காது. நன்றாக விளைந்தால், "உன் பேச்சைக் கேட்டு வீணா கட்டினேன்" என்பார்கள். பொய்த்துப்போனால், "இதுதான் வந்துச்சா? இதுக்கா இவ்வளவு பேசினே?" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விளைச்சல் உண்டென்றால் அதை அக்கா இன்னும் பார்க்கவில்லை. வயல் பக்கம் அவள் வண்டி திரும்பினாலே, "அக்கா, அப்படியே நேரா போயிடுங்க. நீங்க பார்த்தா பயிர் வாடிடும்" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. கிண்டல்தான். ஆனால் சொல்லும்போது சிரிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். அதிலிருந்து அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நிற்கும். நடுவில் ஹெல்மெட் ஒன்று நேராகப் பார்த்தபடி போகும்.

குடியிருப்பது தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிற கடையின் மாடியில். ஒரு அறை. பகலெல்லாம் கீழே மோட்டார் ஓடும் சத்தத்தில் தரை அதிரும்; கடை மூடியதும் அந்த அதிர்வு நின்றுபோவதுதான் அவளுக்குப் பொறுக்காது. இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒன்றில் அவள், இன்னொன்றில் பை. கல்யாணம் ஒன்று நடந்தது. சீக்கிரமே கலைந்தும் போயிற்று. யாராவது கேட்டால், "அதுக்கு எந்தத் திட்டத்துலயும் இழப்பீடு இல்லைங்க" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். நல்ல ஜோக்தான். ஆனால் தனியாக இருக்கும்போது அவளுக்கு அது ஜோக்காகத் தோன்றியதில்லை.

அந்த அறையில் அவளுக்குத் துணை, அவள் போன். அதற்கு ஒரு கதை இருக்கிறது. பதிவு செய்யும்போது விவசாயியின் போன் எண் கேட்பார்கள். பாதிப் பேர், "என் நம்பர் எதுக்கு? கண்ட கண்ட மெசேஜ் வரும். உங்க நம்பரையே போட்டுக்கங்க" என்பார்கள். இவளும் போட்டுக்கொள்வாள். எல்லா முகவர்களும் செய்கிறதுதான். ஆகவே ஊரிலுள்ள அத்தனை வயல்களின் சமாச்சாரமும் அவள் மேஜைக்குத்தான் வரும். "அன்புள்ள விவசாயியே, நாளை பலத்த காற்று வீசக்கூடும்" என்று ஒரே செய்தி, இருக்கிற எல்லார் பெயருக்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் விளிம்புவரை தானாகவே நகர்ந்து போகும். அவள் பிடித்து நடுவில் வைப்பாள். ஒரு செடிகூட இல்லாத அந்த அறையில் அவளை அன்புள்ள விவசாயி என்று கூப்பிட நாளெல்லாம் யாரோ இருந்தார்கள்.

வருகிற ஒவ்வொன்றையும் அவள் திறந்து படித்துவிடுவாள். ஒன்றைக்கூட விடமாட்டாள். முன்பெல்லாம் இப்படி இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் இவள்தான். அவன் பெரியவனாகி, அப்பா விட்டுப்போன நிலத்தில் மக்காச்சோளம் போட்டான். கல்யாணமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அங்கேதான் சாப்பிடுவாள். அந்த வாரம் எந்த ஊரில் யார் எப்படி ஓடினார்கள் என்று அவள் நடித்துக் காட்ட, தம்பி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பான். தம்பி மனைவி, "போதும்க்கா, அவரைச் சாப்பிட விடுங்க" என்பாள். வாரம் முழுக்க அக்கா பட்ட அவமானத்துக்கெல்லாம் அந்த ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

தம்பி வயலை அவள் கேட்காமலே பச்சைத் திட்டத்தில் பதிவாள். போன் எண் கேட்கிற இடத்தில் தன் எண்ணைப் போடுவாள். தன் தம்பிதானே.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் கால்வாய்க் கரை உடைந்தது. தாழ்வான வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. மூன்று நாள்தான் அவகாசம். பாதி ஊரின் பதிந்த போன் அவள் கையில் இருந்தது. பதிந்தவர் தானே போய்ச் சொல்லலாம் என்றால் முடியாது. அந்தப் போனிலிருந்துதான் போட்டோ போக வேண்டும். அவள் இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு வயலாக இறங்கி நின்று எடுத்தாள். சாப்பிடவில்லை, உட்காரவில்லை. ஒவ்வொரு வரப்பிலும் ஒருவர் நின்று, "அக்கா, என் வயல்! அக்கா, இங்க வாங்க!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். கத்தினவர்களிடம் முதலில் போனாள். தம்பி நம்ம பையன், எங்கே போய்விடப் போகிறான், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்தாள். மூன்றாம் நாள் மாலை போனில் சார்ஜ் தீர்ந்தது. ஊரெங்கும் கரண்ட் இல்லை. எங்கோ போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் அவகாசம் முடிந்துபோயிருந்தது.

அந்த வருஷம் எல்லோருக்கும் இழப்பீடு வந்தது. அவளுடைய தம்பி ஒருவனைத் தவிர.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பாள். "இனிமே என் பேர்ல நீ எதையும் எழுதாதே" என்று மட்டும் சொன்னான். பேச்சு அத்தோடு சுருங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை இப்போதும் அவள் போகிறாள். பையை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். "வா" என்பான். "சாப்பிடு" என்பான். அவள் கை கழுவுவதற்குள் வயலுக்குக் கிளம்பிவிடுவான். தம்பி மனைவி எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அக்காவுக்கு நடித்துக் காட்ட இப்போதும் எத்தனையோ சமாச்சாரம் உண்டு, பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தப் பருவத்துக்கு இரண்டு தடவை தள்ளிப்போட்ட பதிவின் கடைசி நாள் வந்தது. மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ஊர்க் கணக்கெல்லாம் முடித்து ஐந்து மணிவாக்கில் அறைக்கு வந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள். பின்கட்டில் நின்று பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, அந்தக் கால்வாய்க் கரை மறுபடி கசியுதுக்கா. இந்த வாட்டியும் போச்சுன்னா நாங்க எழுந்திருக்க முடியாது. இவர்கிட்ட சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. நீங்க... அவருக்குத் தெரியாம போட்டுடுங்களேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"சரிம்மா" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வது?

பழைய பதிவு அப்படியே இருந்தது. தம்பி பெயர், நிலத்தின் எல்லை, பயிர், பச்சைத் திட்டம். எல்லாம் தானாகவே வந்து நின்றன. அழுத்தினாள். ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. மறுநிமிஷம் அவள் போனே அதிர்ந்தது. "அன்புள்ள விவசாயியே..." ஆறு இலக்கம். அதைப் போட்டால் முடிந்தது. தம்பிக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை. நல்லபடியாக விளைந்தால் கட்டிய பணம் அவளோடு போகட்டும். ஒருவேளை...

ரொட்டியை வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிலம். அவன் பயிர். அது முழுகினாலும் பிழைத்தாலும் சேதி மட்டும் இவள் மேஜைக்கு வரும். அன்றைக்கும் இதேதானே நடந்தது? தன் வயலைப் பற்றித் தானே சொல்ல வழியில்லாமல் அவனைத் தண்ணீரில் நிற்க வைத்தது இந்த எண்தானே? இப்போது மறுபடியும் அதையே, இன்னும் திருட்டுத்தனமாகச் செய்யப் போகிறோமே என்று நினைத்தாள். அவமானமாக இருந்தது.

தன் எண்ணை அழித்தாள். தம்பியின் எண்ணைப் போட்டு மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை மேஜை அதிரவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தம்பி வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் குழாயின் மூட்டு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா வரப்பில் வருவதைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"என்ன, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை கூட இல்லையே?"

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமே."

"வந்துச்சு. எவனோ ஏமாத்த அனுப்பியிருக்கான்னு நினைச்சேன்."

"நான்தான்டா அனுப்பினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

வேறு எவனாவது சொல்லியிருந்தால் அக்கா அதற்கும் மேலே ஒரு ஜோக் சொல்லியிருப்பாள். இங்கே நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஆறு மணிக்கு மூடிடுவாங்க. அந்த நம்பரை நீ சொன்னா பதிஞ்சுடுவேன். சொல்ல வேணாம்னா போயிடறேன். உன் போனுக்குத்தான் எல்லாம் வரும் இனிமே. ஏதாவது ஆச்சுன்னா நீயே சொல்லிக்கலாம். என்னை எதிர்பார்க்க வேணாம்" என்றாள்.

"முன்னெல்லாம் கேக்காமலே எழுதுவே."

"ஆமா."

"இப்ப என்ன புதுசா?"

"இப்பக் கேக்கறேன்."

அவன் மூட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. பிறகு நிமிராமலே பேசினான். இத்தனை வருஷம் பேசாததை எல்லாம் குழாயைப் பார்த்தே பேசினான்.

"அந்த மூணாம் நாள் காலையிலேர்ந்து இந்த வரப்புலதான்க்கா நின்னேன். பக்கத்து வயலுக்கு வந்தே. இறங்கி போட்டோ எடுத்தே. என்னைப் பார்த்தே. 'வரேன்டா'ன்னு கையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் போயிட்டே."

"அவங்க எல்லாரும் கத்தினாங்கடா. நீ கத்தலையே."

"உங்கிட்டயும் கத்திக் கேக்கணுமா நான்?"

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவளுக்கு இதற்குப் பதில் தெரியும். கேட்காமலே முதலில் போயிருக்க வேண்டிய வயல் அது. இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய், மூணு நாள், மூணே மூணு நாள் என்று கத்திக்கொண்டிருப்பது எதற்காக? "தப்புடா. என் தப்புதான்" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டியது. அப்போது சார்ஜ், கரண்ட் என்று எதையெல்லாமோ சொன்னாள்.

தம்பி நிமிர்ந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில், வயலின் தாழ்ந்த மூலையைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். தண்ணீர் வந்தால் எந்த வழியாக வரும், எதுவரை நிற்கும் என்று அவள் கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"பாரு, வந்ததிலேர்ந்து அந்த மூலையையே முறைச்சுக்கிட்டு நிக்கறே. இவ்வளவு பெரிய பயிர் நிக்குதே, அதைப் பார்த்தியா? ஒரு நாளாவது உள்ள வந்து பார்த்திருக்கியா? எது போகும், எவ்வளவு போகும்னுதான் கேப்பே. எப்படி வந்திருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா? பொண்ணு பார்க்க வந்துட்டு, எப்ப சாவாள்னு விசாரிக்கற மாதிரி!"

அழுதுகொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"போய்ப் பாரு. நல்லாருக்கா இல்லையான்னு நீயே சொல்லு."

அக்கா போனை எடுத்து மணி பார்த்தாள். ஆறுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முதல்ல நம்பரைச் சொல்லுடா, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பார்க்கறேன் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆறு இலக்கம். சொல்ல எவ்வளவு நேரமாகும்? கரை கசிகிறது. வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். இவன் குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கினாள். போனைத் தம்பி பக்கத்தில் கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

பாத்தி ஈரமாக இருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் பயிர் அவளை மூடிவிட்டது. தலைக்கு மேலே இலைகள் உரசிக்கொள்ளும் சத்தம். வெளியே கேட்டதற்கும் உள்ளே கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷம் இதன் நடுவேதான் வண்டி ஓட்டியிருக்கிறாள்; இப்படி ஒரு சத்தம் இருப்பது தெரியாது. ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தாள். கைக்குள் அடங்கவில்லை. தோகையை லேசாக விலக்கினாள். மணி நெருக்கமாக, பால் கட்டி, நகம் பட்டால் தெறிக்கும் பதத்தில் இருந்தது. அடுத்த செடியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். புழு இருக்கிறதா என்று கண் தேடியது, இல்லை. இலை பழுத்திருக்கிறதா என்று தேடியது, இல்லை. அப்புறம் தேடுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தாள். தாழ்ந்த மூலை வரைக்கும் போனாள். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. எப்படிப் பாடுபட்டிருக்கிறான்! ஒண்டியாளாக இதையெல்லாம் செய்திருக்கிறான், பெற்றவளும் பார்க்கவில்லை, வளர்த்தவளும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குடா!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு!"

தம்பிக்கு அது காற்றில் கேட்டதோ இல்லையோ. அவள் இன்னொரு வரிசை வழியாக, கதிர்களைத் தொட்டுக்கொண்டே நிதானமாகத் திரும்பினாள். இலை கீறிக் கை எரிந்தது. அவசரப்படவில்லை.

கொட்டகைக்கு வந்தபோது திண்டின்மேல் அவள் போன் அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தாள். இப்பருவத்துக்கான பதிவு நிறைவடைந்தது என்று வந்திருந்தது. இரண்டு தடவை படித்தாள். அவ்வளவுதான். இனி அறுவடை வரைக்கும் இந்த வயலுக்கு வானம்தான் துணை. தம்பி மனைவிக்கு என்ன சொல்வது என்று நினைத்தாள். அறைக்குத் திரும்பி, நாற்காலியில் பையை வைத்து, எதிர் நாற்காலியில் தான் உட்காரப்போவதையும் நினைத்தாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

தம்பி குழாயடியில் கை கழுவி, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். மேல்பையிலிருந்து தன் போனை எடுத்து, கையை எட்டியமட்டும் நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினான். இவனுக்கு எப்போது கண் மங்கியது, அதுகூட நமக்குத் தெரியவில்லையே என்று இருந்தது அக்காவுக்கு.

"எழுதிக்கோ" என்றான். "நாலு."

"மூடிட்டாங்கடா."

"தெரியும். எனக்கு மணி பார்க்கத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடா?"

"கேட்டே இல்ல? எங்கிட்ட வந்து கேட்டே. கேட்டா சொல்ல வேணாமா?" என்று எரிந்து விழுந்தான். குரல் கொஞ்சம் பிசிறியது. "எழுதிக்கோன்னா எழுதிக்கோ. நாலு... பூஜ்யம்..."

தாளெல்லாம் ஸ்கூட்டரில் பையோடு இருந்தது. அக்கா வண்டி ஓட்டுவதற்காகப் போட்டிருந்த சட்டையின் பையில் குத்தியிருந்த பேனாவை உருவினாள். இடது உள்ளங்கையை விரித்து, அதிலிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஒரு இலக்கம்கூட அழிந்துவிடாதபடி அழுத்தி அழுத்தி எழுத ஆரம்பித்தாள்.